கிறிஸ்மஸ் காலையில் கண்ட வெண்படிகம்

எட்வர்ட் கால்வின் கெண்டல் (1886 – 1972)

பொழுது புலரும் வேளை. ஏனாத்தூரிலும், அதையடுத்த காஞ்சி நகரத்து நெசவாளர் தெருக்களிலும் வாசல் தெளிக்கும் ஓசையோடு தறியின் ஓசையும் எழத் தொடங்குகிறது. வீட்டில் எல்லோருக்கும் முன்பாக எழுந்த அம்மா, கோலமிட்டுவிட்டு உள்ளே வருகிறார். அடுப்பில் பால் வைப்பதற்கு முன் அலமாரியிலிருந்து ஒரு சிறு மாத்திரையை எடுத்துத் தண்ணீருடன் விழுங்குகிறார். அரைமணி நேரமாவது காத்திருந்த பிறகுதான் காப்பி குடிக்கிறார். அது என்ன மாத்திரை என்று கேட்டால், தைராய்டு மாத்திரை என்று ஒரே சொல்லில் பதில் கிடைக்கும்.

அன்பு மாணவியரே! இக்காட்சியை நம்மில் பலர் நாள்தோறும் காண்கிறோம். ஆனால் அந்த மாத்திரைக்குள் இருக்கும் பொருளை முதன்முதலில் கண்டவர் யார், அது எதனால் ஆனது, அது இல்லாவிடில் என்ன நேரும் என்று எண்ணிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்தப் பொருளைத் தூய வடிவில் முதலில் கண்டவர் எட்வர்ட் கால்வின் கெண்டல் என்ற அமெரிக்க விஞ்ஞானி. அவர் பெரிய வெற்றி ஒன்றைப் பெற்றார். அதிலேயே பெரிய பிழை ஒன்றையும் செய்தார். இரண்டையும் தெரிந்துகொண்டால்தான் அவருடைய வாழ்க்கை நமக்குப் பாடமாகும்.

கழுத்தில் ஒரு பட்டாம்பூச்சி

நம் கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, சிறகு விரித்த பட்டாம்பூச்சியைப் போன்ற ஒரு சுரப்பி அமைந்துள்ளது. அதுவே தைராய்டு. அதன் எடை சுமார் 20 கிராம்தான். ஆனால் உடல் முழுவதும் எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டும் என்பதை நிர்ணயிப்பது இச்சுரப்பி இரத்தத்தில் கலக்கும் ஹார்மோன்தான். இதயத்தின் துடிப்பு, உடலின் வெப்பம், உணவின் செரிமானம், எலும்பின் வளர்ச்சி, மூளையின் வளர்ச்சி ஆகிய அனைத்தும் அதன் ஆணைக்குக் கட்டுப்பட்டவை.

இச்சுரப்பு குறைந்தால் உடல் சோர்கிறது. குளிர் தாங்க முடிவதில்லை. தோல் வறள்கிறது, முடி உதிர்கிறது, முகம் வீங்குகிறது, எண்ணம் மந்தமாகிறது. பெரியவர்களுக்கே இப்படியென்றால், பிறந்த குழந்தைக்கு இச்சுரப்பு இல்லாது போனால் என்ன ஆகும்? எலும்பும் மூளையும் வளர வேண்டிய காலத்தில் வளராமல், அக்குழந்தை வாழ்நாள் முழுவதும் குள்ளமாகவும் அறிவு மலராமலும் இருந்துவிடும். முற்காலத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளைக் கண்டவர்கள் விதியென்று எண்ணி வாளாவிருந்தனர்.

1891-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மரே என்னும் இளம் டாக்டர், தைராய்டு குறைவால் வாடிய 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். அப்பெண்மணி தேறி எழுந்து, மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1895-இல் ஜெர்மானிய விஞ்ஞானி யூஜென் பௌமன், இச்சுரப்பியில் அயோடின் என்னும் தனிமம் இருப்பதைக் கண்டார். கடற்பாசியின் சாம்பலிலிருந்து 1811-இல் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட அதே அயோடின் மனிதனின் கழுத்திலும் இருந்தது! ஆனால் சாற்றிலுள்ள எந்தப் பொருள் நோயைத் தீர்க்கிறது என்று எவருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் கொடுத்த சாறு வீரியமாக இருக்கும். மறுநாள் கொடுத்தது வீரியமற்றதாக இருக்கும். இன்ன அளவு கொடுக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் டாக்டர்கள் தவித்தனர்.

இளமையும் தேடலும்

எட்வர்ட் கெண்டல் 1886-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சௌத் நார்வாக் என்ற ஊரில் பிறந்தார். தந்தை பல் மருத்துவர். கெண்டல் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இரசாயனம் பயின்று, 1908-இல் இளநிலைப் பட்டமும் 1910-இல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

படிப்பு முடிந்ததும் டெட்ராய்ட் நகரிலுள்ள ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்தது. தைராய்டு சுரப்பியிலுள்ள உயிர்ப்பொருளைப் பிரித்தெடுப்பதே அவருக்குக் கொடுக்கப்பட்ட பணி. அந்த இடம் அவருக்கு ஒத்துவரவில்லை. சில மாதங்களிலேயே விலகி, 1911-இல் நியூயார்க்கிலுள்ள ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கும் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கவில்லை. வேலையை விட்டாரேயொழிய, எடுத்துக்கொண்ட கேள்வியை அவர் விடவில்லை. இடம் மாறினாலும் இலக்கு மாறவில்லை. 1914 பிப்ரவரியில் மின்னசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டர் என்ற சிறிய ஊருக்கு வந்து, மேயோ கிளினிக்கில் பணியேற்றார்.

கன்னியர் எழுப்பிய மருத்துவமனை

அந்தச் சிற்றூரில் உலகப் புகழ்பெற்ற மருத்துவ நிலையம் எப்படி வந்தது? அது நம் போன்ற பள்ளிகள் பெருமையோடு படிக்க வேண்டிய வரலாறு. 1883 ஆகஸ்டு 21 அன்று ராச்செஸ்டரைக் கொடிய சூறாவளி தாக்கியது. வீடிழந்து காயமுற்றவர்களைப் படுக்க வைக்கவும் இடமில்லை. அவ்வூரில் பள்ளி நடத்தி வந்த பிரான்சிஸ்கன் கன்னியர் பலர் அப்போது தாதியராக மாறிப் பணிபுரிந்தனர். அவர்களின் தலைவியான அன்னை ஆல்பிரட், இந்த ஊருக்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்று தீர்மானித்து, டாக்டர் வில்லியம் வொரல் மேயோவிடம் சென்றார். இவ்வளவு சிறிய ஊருக்கு அது எதற்கு என்று டாக்டர் தயங்கினார். அன்னை தயங்கவில்லை. கன்னியர் சிக்கனமாக வாழ்ந்து பொருள் சேர்த்தனர். 1889-இல் புனித மரியன்னை மருத்துவமனை திறக்கப்பட்டது. டாக்டர் மேயோவும் அவருடைய இரு புதல்வர்களும் அங்கே அறுவை சிகிச்சை செய்தனர். 1892 முதல் 1939 வரை அம்மருத்துவமனையை நடத்திய அருட்சகோதரி ஜோசப், பல ஆண்டுகள் டாக்டர் வில்லியம் மேயோவின் முதல் உதவியாளராக அறுவை சிகிச்சை மேசையருகே நின்றவர்.

கடலுக்கு வெகுதூரத்திலுள்ள அந்தப் பகுதிகளில் மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவு. ஆதலால் கழுத்துக் கழலை நோயாளிகள் அங்கே கூட்டங்கூட்டமாக வந்தனர். தைராய்டைப் பற்றி அறியத் துடித்த கெண்டலுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு எது?

கிறிஸ்மஸ் காலை

நம் ஊரில் பட்டு நூலுக்குச் சாயமேற்றுவதற்கு முன், சோப்பும் சோடாவும் கலந்த நீரில் அதைக் காய்ச்சிப் பசையை நீக்குவார்கள். பசை நீங்கினால்தான் நூலின் மெருகு வெளிப்படும். கெண்டல் செய்ததும் ஏறத்தாழ அதுதான். பன்றிகளின் தைராய்டுச் சுரப்பிகளைக் காரக் கரைசலில் நெடுநேரம் காய்ச்சினார். வேண்டாத புரதத்தையும் கொழுப்பையும் படிப்படியாக நீக்கினார். ஒவ்வொரு படியிலும் மிஞ்சியதில் அயோடின் எத்தனை சதவீதம் என்று அளந்தார். அயோடினின் அளவு ஏற ஏற, தேடும் பொருளை நெருங்குகிறோம் என்று அவருக்குத் தெரிந்தது.

1914 டிசம்பர் மாதம். ஒருநாள் இரவு, சாராயத்தில் கரைந்த பொருளை மெல்லச் சூடாக்கி ஆவியாக்கிக் கொண்டிருந்தார். இடைவிடாத உழைப்பினால் களைத்த அவர், இருந்த இடத்திலேயே உறங்கிவிட்டார். விழித்துப் பார்த்தபோது சாராயம் முழுவதும் ஆவியாகிப் போயிருந்தது. பாத்திரத்தில் வெண்மையான ஒரு படிவு ஒட்டியிருந்தது. வேலை வீணாயிற்று என்று கழுவி ஊற்றியிருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும். அவர் அதைக் கொட்டவில்லை, சோதித்தார். அயோடின் மிகுதியாக இருந்தது. அதைக் காரத்தில் கரைத்து, அமிலம் சேர்த்துத் தூய்மையாக்கினார். டிசம்பர் 25-ஆம் நாள், பாலகன் இயேசுவின் பிறப்பை உலகம் கொண்டாடிய அந்தக் காலையில், கெண்டலின் கண்ணாடிக் குடுவையில் வெண்ணிறப் படிகங்கள் மின்னின!

உறக்கத்தினால் கிடைத்த வெற்றி என்று இதைச் சிலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அது சரியன்று. அந்த உறக்கத்திற்கு முன்னால் நான்கு ஆண்டு விழிப்பு இருந்தது. தற்செயலாக நிகழ்ந்ததன் பொருளை உணரும் கண், அந்த நான்கு ஆண்டுகளில் பெற்றதாகும்.

3 டன்னும் 33 கிராமும்

1915-இல் கெண்டல் தம் கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்தார். அதே ஆண்டின் இறுதியில் ரெபேக்கா கென்னடி என்பவரை மணந்தார். அவர்களுக்கு நான்கு பிள்ளைகள் பிறந்தனர். தாம் கண்ட பொருளுக்குப் பின்னர் தைராக்சின் என்று பெயரிட்டார். மேயோ கிளினிக்கின் டாக்டர் ஹென்றி பிளம்மர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து, மிகச் சிறிய அளவே உடலின் வேகத்தை உயர்த்துவதைக் கணக்கிட்டுக் காட்டினார். இனி டாக்டர்கள் குருட்டாம்போக்கில் சாறு கொடுக்க வேண்டியதில்லை. நிறுத்து அளந்து கொடுக்கலாம்.

ஆனால் ஓர் இடையூறு இருந்தது. சுமார் 3 டன் சுரப்பிகளைப் பக்குவப்படுத்தி கெண்டலும் அவருடைய உதவியாளர்களும் பெற்ற தைராக்சின் வெறும் 33 கிராம். ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். மாணவியரே, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் 10,000-இல் ஒரு பங்கு போதும் என்று வைத்துக்கொண்டால், 33 கிராம் சுமார் 900 பேருக்கு ஓர் ஆண்டுக்குப் போதும். மூன்று டன் சுரப்பிகள் 900 பேருக்குத்தான் என்றால், உலகிலுள்ள கோடிக்கணக்கான நோயாளிகளுக்கு எங்கே போவது? விலங்குகளை நம்பாமல் ஆய்வுக்கூடத்திலேயே அதைச் செய்ய வேண்டும். அப்படிச் செய்வதற்கு அதன் அமைப்பு தெரிய வேண்டும்.

பிழையும் திருத்தமும்

இங்கேதான் கெண்டல் தவறினார். தைராக்சின் இந்தோல் என்னும் வளையத்தின் மேல் கட்டப்பட்டது என்றும், அதில் மூன்று அயோடின் அணுக்கள் உள்ளன என்றும் அவர் கருதினார். அந்தக் கருத்தைப் பற்றிக்கொண்டு பல ஆண்டுகள் உழைத்தார். அவர் வரைந்த அமைப்பின்படி தைராக்சினை எவராலும் உருவாக்க முடியவில்லை.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் லண்டனில் சார்லஸ் ஹாரிங்டன் என்ற இளைஞர் இதே புதிரை எடுத்துக்கொண்டார். 1897-இல் வேல்ஸ் நாட்டில் பிறந்த அவர், சிறு வயதில் இடுப்பு மூட்டில் காசநோய் கண்டு நெடுங்காலம் படுக்கையில் கிடந்தவர். அவர் கையாண்ட வழி எளிமையானது. ஒரு சேலையின் அடிநெசவை அறிய விரும்புகிறவர் முதலில் மேலேயுள்ள சரிகையைப் பிரித்துப் பார்ப்பதுபோல, அவர் தைராக்சினிலிருந்து நான்கு அயோடின் அணுக்களையும் நீக்கிவிட்டு, எஞ்சிய சட்டம் எப்படியிருக்கிறது என்று ஆராய்ந்தார். 1926-இல் உண்மையான அமைப்பு வெளிப்பட்டது. 1927-இல் ஹாரிங்டனும் அவருடைய ஆசானான ஜார்ஜ் பார்ஜரும் தைராக்சினை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கிக் காட்டினர். சுரப்பியில் விளைந்ததும் குடுவையில் விளைந்ததும் ஒன்றே என்பது நிறுவப்பட்டது.

காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்குக் கோர்வைச் சேலையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் நெய்யப்பட்டு, இழையோடு இழை பிணைக்கப்படும். அதை ஒருவர் தனித்து நெய்ய முடியாது. நெசவாளர் உடல் நாடாவை ஓட்ட, பக்கத்தில் அமர்ந்த மற்றொருவர் கரை நாடாவைத் தள்ளிக் கொடுப்பார். தைராக்சினின் கதையும் அப்படிப்பட்ட கோர்வைதான். கண்டவர் கெண்டல், அதன் அமைப்பைக் காட்டியவர் ஹாரிங்டன். ஒருவர் இல்லையேல் நம் வீட்டு அலமாரியில் அந்த மாத்திரை இல்லை.

தைராக்சினின் குணங்கள்

தைராக்சினின் ஒரு மூலக்கூறில் கார்பன் அணுக்கள் 15, ஹைட்ரஜன் 11, அயோடின் 4, நைட்ரஜன் 1, ஆக்ஸிஜன் 4 உள்ளன. எடையில் ஏறத்தாழ 65 சதவீதம் அயோடினே. ஆறு கார்பன்கள் கொண்ட இரண்டு வளையங்களை ஓர் ஆக்ஸிஜன் அணு பாலம்போல் இணைக்கிறது. ஒவ்வொரு வளையத்திலும் இரண்டிரண்டு அயோடின்கள் அமர்ந்துள்ளன.

நம் உடல் இதை டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து செய்கிறது. பாலிலும் பருப்பிலும் உள்ள பொருள் டைரோசின். நம் தறிகளில் ஓடும் பட்டு இழையிலும் அது ஒரு முக்கியமான அங்கம் என்பதை அறிந்தால் வியப்பீர்கள்!

தூய தைராக்சின் மணமற்ற வெண்ணிறப் பொருள். தண்ணீரில் ஏறக்குறையக் கரையாது; காரக் கரைசலில் கரையும். கடும் வெப்பத்தில் சிதைந்து அயோடினை வெளிவிடும். ஒளி, வெப்பம், ஈரம் மூன்றும் அதற்குப் பகை. ஆகவேதான் மாத்திரையை அடுப்பருகிலும் ஈரமான இடத்திலும் வைக்காமல், வாங்கிய உறையிலேயே உலர்ந்த இடத்தில் வைக்கச் சொல்கிறார்கள்.

வலக்கையும் இடக்கையும் ஒன்றுபோல் தோன்றினாலும் ஒரு கையின் உறை மறு கைக்குப் பொருந்தாது. தைராக்சினுக்கும் இப்படி இரு வடிவங்கள் உண்டு. 1927-இல் உருவாக்கப்பட்டது இரண்டும் கலந்த கலவை. உடலில் இயற்கையாகச் சுரப்பது இடப்பக்க வடிவம். அதற்குத்தான் முழு வீரியம். மேலும், அமில வடிவிலிருந்த தைராக்சின் குடலில் சரியாக உறிஞ்சப்படவில்லை. சோடியம் உப்பாக மாற்றியபோது அக்குறை நீங்கியது. 1949-இல் இங்கிலாந்தின் விஞ்ஞானிகள் டைரோசினிலிருந்தே இடப்பக்க வடிவத்தை மட்டும் உருவாக்கும் வழியைக் கண்டனர். இன்று லெவோதைராக்சின் சோடியம் என்று மாத்திரை உறையில் அச்சிடப்பட்டிருப்பது அந்தப் பொருளே. லெவோ என்றால் இடப்பக்கம் என்று பொருள்.

1952-இல் மற்றொரு கதவு திறந்தது. லண்டனில் ரோசாலிண்ட் பிட்-ரிவர்ஸ் என்னும் பெண் விஞ்ஞானி, ஜாக் கிராஸ் என்பவருடன் சேர்ந்து, மூன்று அயோடின்கள் மட்டுமே கொண்ட மற்றொரு தைராய்டு ஹார்மோனைக் கண்டார். அது தைராக்சினைவிட வீரியமானது. விரைவில் வேலை செய்து விரைவில் தீர்ந்துவிடும். தைராக்சின் உடலில் ஓர் அயோடினை இழந்து இந்தப் பொருளாக மாறியே பெரும்பாலும் செயலாற்றுகிறது. பிட்-ரிவர்ஸ் அம்மையார் ஹாரிங்டனிடம் பயின்றவர். 1954-இல் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. பெண்களுக்கு ஆய்வுக்கூடத்தில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு அவருடைய வாழ்வே விடை.

மாத்திரையின் பயன்

தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்கும், அறுவை சிகிச்சையால் சுரப்பியை இழந்தவர்களுக்கும், தைராய்டுப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் இம்மாத்திரை கொடுக்கப்படுகிறது. இது நோயை விரட்டிவிட்டு ஓயும் மருந்தன்று. உடல் செய்ய இயலாததை ஈடுசெய்யும் மருந்து. ஆகவே பலர் ஆயுள் முழுவதும் உட்கொள்ள வேண்டியிருக்கிறது. உடம்பு தேறிவிட்டது என்று தாமாக நிறுத்துவது தவறு. ஒரு முறை உட்கொண்டதில் பாதி நீங்குவதற்கே சுமார் ஒரு வாரம் ஆகும்; ஆதலால் நிறுத்தியதன் தீமை உடனே தெரியாமல் பிறகு தெரியும்.

வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே காப்பியோ உணவோ கொள்ள வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் இதை உறிஞ்சவிடாமல் தடுப்பதால், நான்கு மணி நேர இடைவெளி தேவை. கருவுற்ற தாய்மார் இதை நிறுத்தவே கூடாது. டாக்டரிடம் காட்டி அளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். உடல் இளைப்பதற்காக இதை உண்பது பேராபத்து. இதயம் படபடக்கும், எலும்பு தேயும்.

எல்லாவற்றிலும் பெரிய பயன் பிறந்த குழந்தைக்கே. பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதித்தால் தைராய்டு குறை தெரிந்துவிடும். இரண்டு வாரத்திற்குள் மருந்தைத் தொடங்கினால் அக்குழந்தை மற்றக் குழந்தைகளைப்போலவே வளர்ந்து, பள்ளிக்கு வந்து, ஓடி விளையாடும். காலம் தாழ்த்தினால் இழந்த அறிவை எந்த மருந்தும் திருப்பித் தராது.

நம் நாட்டில்

கெண்டல் தேடிய அதே அயோடின், நம் நாட்டின் இமயமலைச் சாரலிலும் பெருங்குறையாக இருந்தது. அங்கே கழுத்துக் கழலையை ஆராய்ந்த ராபர்ட் மக்காரிசன் என்ற டாக்டர், பின்னர் நம் குன்னூரில் உணவு ஆராய்ச்சிக்கூடத்தை நிறுவினார். 1956 முதல், ஆந்திராவில் பிறந்த டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் காங்கிரா பள்ளத்தாக்கில் ஒரு பெரிய சோதனை நடத்தினர். சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும் ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில், அயோடின் உப்பு உண்ட பிள்ளைகளிடம் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-இல் தேசிய கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. இன்று நம் சமையலறையிலுள்ள உப்பில் பொட்டாசியம் அயோடேட் சேர்க்கப்படுவது இதனால்தான்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். அயோடின் உப்பு வருமுன் காப்பது. மாத்திரை குறையை நிரப்புவது. இன்று நம் தாய்மார் பலருக்கு வரும் தைராய்டு குறை, உடலின் காப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதால் வருவது. அதற்கு உப்பு மருந்தாகாது.

இரண்டாம் வெற்றி

தம் முடிவு தவறென்று உலகறிய நிரூபிக்கப்பட்ட ஒருவர் என்ன செய்வார்? சிலர் வாதாடுவர், சிலர் ஒதுங்கிவிடுவர். கெண்டல் இரண்டையும் செய்யவில்லை. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பியை 1930-களில் ஆராயத் தொடங்கினார். மீண்டும் மலைமலையாகச் சுரப்பிகள், மீண்டும் துளித்துளியாகப் படிகங்கள்! அவற்றுள் ஒன்று பின்னர் கார்ட்டிசோன் எனப்பட்டது. அதைச் சிறிதளவு பெறுவதற்கும் ஏராளமான சுரப்பிகள் தேவைப்பட்டன. ஆனால் இம்முறை அதன் அமைப்பு சரியாகத் தெரிந்ததால், அதை ஆலையில் உருவாக்கும் வழியும் பிறந்தது.

1948 செப்டம்பரில், அன்னை ஆல்பிரட் எழுப்பிய அதே புனித மரியன்னை மருத்துவமனையில், மூட்டுவாதத்தால் நடக்க இயலாது கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு டாக்டர் பிலிப் ஹென்ச் கார்ட்டிசோனைச் செலுத்தினார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார்! கார்ட்டிசோன் மூட்டுவாதத்தை முற்றிலும் தீர்ப்பதன்று என்பதும், நெடுநாள் கொடுத்தால் தீமை உண்டு என்பதும் பின்னர் தெரியவந்தன. ஆயினும் அவ்வகை மருந்துகள் இன்றும் எண்ணற்ற உயிர்களைக் காக்கின்றன. 1950-இல் கெண்டல், ஹென்ச், சுவிட்சர்லாந்தின் ததேயுஸ் ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. கிறிஸ்மஸ் காலையில் கண்ட தைராக்சினுக்குக் கிடைக்காத பரிசு, பிழைக்குப் பிறகும் தளராத உழைப்புக்குக் கிடைத்தது.

1951-இல் மேயோ கிளினிக்கிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயரளவிலேதான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1972 மே 4-ஆம் நாள், 86-ஆம் வயதில் காலமானார். அவருடைய பிழையைத் திருத்திய ஹாரிங்டன் அதே ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் மறைந்திருந்தார். ஒரே கோர்வையை நெய்த இருவரும் ஒரே ஆண்டில் தறியை விட்டு எழுந்தனர் எனலாம்.

முடிவாக

அன்பு மாணவியரே! தேர்வில் ஒரு கணக்குத் தவறிவிட்டால் நமக்குக் கணக்கே வராது என்று புத்தகத்தை மூடிவிடுகிறோம். தோழி நம் பிழையைச் சுட்டிக் காட்டினால் முகம் வாடிவிடுகிறோம். கெண்டல் தவறியது ஒரு கணக்கிலன்று, பத்தாண்டு உழைப்பில். ஆயினும் அவர் கண்ட படிகம் பொய்யாகவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்ந்தார். அவரும் மற்றொன்றைத் தொடங்கினார். உண்மை எவர் கையால் வந்தாலும் அதனால் பிழைப்பது ஒரு குழந்தையன்றோ!

நாளைக் காலை அம்மா அந்தச் சிறு மாத்திரையைக் கையில் எடுக்கும்போது, ஒரு தம்ளர் தண்ணீரை நீங்கள் கொண்டுவந்து கொடுங்கள். காப்பிக்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. அதற்குள் இந்தக் கதையை அம்மாவுக்குச் சொல்லிவிடலாம்.